மலைநாட்டு மடக்குக் கத்தி

பிரான்ஸிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த காரைக்கால் அன்பர் ஒருவர், பன்னிரண்டு வயது நிரம்பிய தம் சகோதரி மகனுக்கு ஒரு மடக்குக் கத்தியை அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டுச் சென்றார். பிள்ளை மகிழ்ந்தான், பெற்றவள் அஞ்சினாள். மறுநாள் அஸர் தொழுகைக்குப் பின் அந்தச் சகோதரியார் கத்தியைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு, மகனையும் அழைத்துக்கொண்டு நம் இல்லம் வந்தார்.

"ஹஜ்ரத், பிள்ளை கையிலே கத்தியைக் கொடுக்கலாமா? மாமா கொடுத்ததைப் பறிச்சா இவன் அழுவுறான். கொடுத்தா எனக்குத் தூக்கம் வராது. நீங்கதான் ஒரு முடிவு சொல்லணும்" என்றார்.

நாம் கத்தியை வாங்கிப் பார்த்தோம். வெளிர்மஞ்சள் நிற மரப்பிடி. அதன் தலைப்பில் எஃகு வளையம். அலகில் மகுடம் சூடிய ஒரு கையின் முத்திரை. அதனடியில் 'ஒபினெல்' என்னும் பெயர். கை வைத்து எடைபோட்டால் ஒரு கோழிமுட்டையின் கனங்கூட இல்லை. ஆயினும் அந்தத் தாயின் வினாவுக்கு உடனே விடையிறுக்க நமக்கு நா எழவில்லை. "ஒரு வாரம் பொறுத்திருங்கள் அம்மா, பார்த்துச் சொல்கிறோம்" என்று அனுப்பி வைத்தோம். அந்த ஒரு வாரத்தில் இக்கத்தியின் வரலாற்றைத் தேடிப் படித்ததில் நமக்குக் கிடைத்தவற்றையும், இறுதியில் நாம் சொன்ன விடையையும் வாசக நேயர்கள் முன் வைக்கின்றோம். வினா அந்த ஒரு தாயுடையது மட்டும் அன்றே!

பெயரும் பொருளும்

அறபு மொழியில் கத்தியைக் குறிக்கும் சொற்களுள் இரண்டு நமக்கு நன்கு பழக்கமானவை. ஒன்று 'முத்யா', மற்றொன்று 'ஸிக்கீன்'. தமக்கு முத்யா என்னும் சொல்லே பழக்கம் என்றும், ஸிக்கீன் என்னும் சொல்லைத் தாம் முதன்முதலாகக் கேட்டது நபி சுலைமான் (அலை) அவர்களின் தீர்ப்பைப் பற்றிய நபிமொழியில்தான் என்றும் அபூஹுரைரா (ரலி) அவர்கள் கூறியதாக ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. ஸிக்கீன் என்பது 'ஸகன', அதாவது அசைவற்று அடங்குதல் என்னும் மூலத்திலிருந்து பிறந்தது. அறுக்கப்படும் பிராணியின் அசைவை அடக்குவதால் இப்பெயர் பெற்றது என்பர் அகராதி ஆசிரியர்கள். முத்யா என்பதையோ, வாழ்வின் எல்லையைக் குறிக்கும் 'மதா' என்பதனோடு இணைத்துப் பொருள் உரைப்பர். ஆக, இரண்டு சொற்களுமே உயிரின் முடிவை நினைவூட்டுபவை. தாயின் அச்சம் மொழியிலேயே வேரூன்றியிருக்கிறது.

ஆயினும் திருக்குர்ஆனில் ஸிக்கீன் என்னும் சொல் ஒரே ஓரிடத்தில்தான் வருகிறது. அவ்விடம் போர்க்களமன்று, விருந்துக்கூடம். சூரா யூஸுபில், மிஸ்று நாட்டு மாதரசியின் விருந்துக்கு வந்த பெண்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு கத்தி கொடுக்கப்பட்டது. யூஸுப் (அலை) அவர்களைக் கண்ட மாத்திரத்தில் கண்ணும் கருத்தும் அங்கே செல்ல, அவர்கள் தத்தம் கைகளையே வெட்டிக்கொண்டனர். அங்கே எவரும் எவர்மீதும் பகை கொள்ளவில்லை. கவனம் பிசகியது, கை அறுபட்டது. கத்தியால் நேரும் காயங்களில் பெரும்பாலானவற்றின் கதை இதுவே.

வாளின் வளைவு

நம் கையில் இருந்த கத்தியின் அலகைச் சற்றே உற்று நோக்கினோம். நுனி நேராக ஓடி முடியாமல், மெல்ல மேல்நோக்கி எழுந்து நிற்கிறது. இவ்வடிவத்தை அதனைச் செய்வோர் 'யத்தகான்' என்று வழங்குகின்றனர். இஃது உதுமானியத் துருக்கியரின் சொல்.

யத்தகான் என்பது துருக்கியர் இடைக்கச்சையில் செருகிக்கொண்ட குறுவாள். கைக்காப்பு இல்லாதது, பிடியின் அடியில் இரு காதுகள் போன்ற விரிவு உடையது, கூரான விளிம்பு உள்நோக்கி வளைந்து, முனையருகே மீண்டும் வெளிப்புறம் திரும்புவது. சுல்தான் சுலைமான் கானூனி அவர்களுக்காக ஹிஜ்ரி 933இல், அதாவது 1526-27இல், அஹ்மத் தெக்கெலு என்னும் கம்மியர் செய்த யத்தகான் இஸ்தான்புல் நகரின் தோப்காபி அரண்மனையில் இன்றும் காப்பாற்றப்பட்டு வருகிறது. யெனிச்சேரிப் படையினரின் அடையாளமாகவே இவ்வாள் கருதப்பட்டது. 1826இல் அப்படையே கலைக்கப்பட்டது.

ஆனால் வாளின் வளைவு அதனோடு மறையவில்லை. பிரெஞ்சுப் படை 1842ஆம் ஆண்டு மாதிரித் துப்பாக்கிச் சனியனையும் (பயோனெட்), பின்னர் 1866ஆம் ஆண்டு மாதிரிச் சனியனையும் யத்தகான் வடிவிலேயே அமைத்துக்கொண்டது. படைத்துறையில் நுழைந்த பெயர் பட்டறைகளிலும் குடியேறியது. அரண்மனையில் பிறந்த ஒரு வடிவம், இறுதியில் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் அறுக்கும் மலைநாட்டு உழவனின் சட்டைப்பையை வந்தடைந்தது. வாள் இவ்வாறு கீழிறங்கி வந்ததைத் தாழ்வு என்பதா, உயர்வு என்பதா என்பதை நேயர்களே முடிவு செய்துகொள்ளட்டும்.

சவோய் மலையின் கொல்லன் மகன்

பிரான்ஸின் தென்கிழக்கில், இத்தாலியின் எல்லையை ஒட்டி, ஆல்ப்ஸ் மலைத்தொடரின் மடியில் இருப்பது சவோய் நாடு. முன்னர் தனியொரு கோமரபின் ஆட்சியில் இருந்த அது 1860இல்தான் பிரான்ஸோடு இணைந்தது. அங்கே ஆர்க் ஆறு பாயும் மோரியென் பள்ளத்தாக்கின் தலையாய ஊர் சேன்-ஜான்-து-மோரியென். அதற்கு அணித்தான அல்பியே மலைச்சரிவில், கெவுதா என்னும் சிற்றூரில், 1872ஆம் ஆண்டு பிறந்தார் ஜோசப் ஒபினெல்.

பாட்டனார் கொல்லர், தந்தையாரும் கொல்லர். அவர்கள் அடித்துக் கொடுத்த கோடரியும் அரிவாளும் கவாத்துக் கத்தியும் அச்சுற்றுவட்டாரத்தில் நற்பெயர் பெற்றிருந்தன. மகனுக்கோ இயந்திரங்களின்மீது தீராத ஆர்வம். புகைப்படக் கலையிலும் நாட்டம் உடையவர். 1890இல், தம் 18ஆம் வயதில், அவர் ஒரு சிறு மடக்குக் கத்தியைச் செய்தார். அதில் இருந்த உறுப்புகள் நான்கே: எஃகு அலகு, மரப்பிடி, பிடியின் தலையில் ஓர் உலோகப் பூண், அலகையும் பிடியையும் இணைக்கும் தறையாணி. வில் இல்லை, அலங்காரம் இல்லை. ஏழை உழவன் வாங்கக்கூடியதாகவும், இடையனின் கைக்கு அடக்கமானதாகவும் அது இருந்தது.

1897இல் 1 முதல் 12 வரை எண்ணிட்ட பன்னிரண்டு அளவுகளில் கத்திகள் வெளிவந்தன. எண் 1 கத்தி சங்கிலியில் கோத்து மாட்டிக்கொள்ளும் அளவுக்குச் சிறியது. நாளடைவில் அது பயனற்றது எனவும், எண் 11 தன் இருபக்கத்து எண்களிலிருந்தும் வேறுபாடின்றி நிற்கிறது எனவும் கண்டு, 1930களின் நடுவில் அவ்விரண்டையும் கைவிட்டனர். மற்றப் பத்தும் இன்றுவரை அதே எண்களோடு வெளிவருகின்றன.

பிடியாகும் மரக்கட்டையைப் பிளவுபடாமல் அறுத்து, அலகு மடங்கி அடங்குதற்குரிய பள்ளத்தை உண்டாக்குவதுதான் இத்தொழிலின் கடினமான பகுதி. அதற்கான இயந்திரத்தை ஜோசப் தாமே வடிவமைத்தார். 1909இல் தம் கத்திக்கு முத்திரை ஒன்றைப் பதிவு செய்தார். கத்தி செய்வோர் ஒவ்வொருவரும் தமக்கென ஓர் அடையாளம் பொறிக்க வேண்டும் என 1565இல் பிரெஞ்சு மன்னர் ஒன்பதாம் சார்லஸ் இட்ட கட்டளையின் வழிவந்த மரபு அது. ஜோசப் தேர்ந்தது மகுடம் சூடிய கை. மகுடம் சவோய்க் கோமரபைக் குறிப்பது. கையோ சேன்-ஜான்-து-மோரியென் நகரின் சின்னத்தில் உள்ளது. 'சேன்-ஜான்' என்று அவ்வூரார் போற்றுவது வேறு யாரையுமன்று. நாம் நபி யஹ்யா (அலை) என்று மதிக்கும் பெருமகனாரையே.

1911இல் இத்தாலியின் தூரின் நகரில் நடந்த கண்காட்சியில் இக்கத்தி தங்கப் பதக்கம் பெற்றது. முதல் உலகப் போரின்போது தொழில் மலையை விட்டிறங்கி, ஷாம்பெரி நகரின் அருகே இடம் பெயர்ந்தது. பின்னாளில், 1985இல், இலண்டன் விக்டோரியா-ஆல்பர்ட் அருங்காட்சியகம் உலகின் தலைசிறந்த நூறு பொருள் வடிவமைப்புகளுள் ஒன்றாக இதனைச் சேர்த்தது. 1989இல் பிரெஞ்சு அகராதியான லரூஸ் 'ஒபினெல்' என்பதை ஒரு பொதுச்சொல்லாகவே ஏற்றது.

அறுபத்தைந்து ஆண்டுகள் கழித்து வந்த வளையம்

இவ்வளவு புகழ் பெற்ற கத்திக்கும் ஒரு குறை இருந்தது. விரித்த அலகைப் பிடித்து நிறுத்துவது மரத்தின் இறுக்கம் ஒன்றே. அழுத்தி வேலை செய்யும்போது அலகு திடுமென மடங்கினால் விரல்மேல் வந்து விழும். ஜோசப்பின் மகன் மார்செல் ஒபினெல் 1955இல் இதற்குத் தீர்வு கண்டார். நிலையான பூணின்மேல் சுழலும் வளையம் ஒன்றைப் பொருத்தினார். அலகை விரித்து, வளையத்தைச் சிறிது திருப்பிவிட்டால், வளையத்தின் திறந்த வாய் விலகிப்போய் அலகு மடங்க இயலாமல் தடுக்கப்படும். தந்தை ஜோசப் 1960இல் மறைந்தார். அதற்கு ஐந்தாண்டுகட்கு முன்பே இந்த வளையம் பிறந்துவிட்டது. 2000ஆம் ஆண்டிலிருந்து மடக்கிய நிலையிலும் அலகைப் பூட்டிவைக்குமாறு அதனைத் திருத்தியமைத்தனர். பையில் கிடக்கும்போது கத்தி தானே விரிந்துகொள்ளும் அச்சமும் அத்துடன் நீங்கியது. எண் 2 முதல் 5 வரையிலான சிறு கத்திகளுக்கு மட்டும் இவ்வளையம் இல்லை.

தேர்ந்தெடுக்கும் முறை

வெளியிடங்களில், தோட்டத்திலோ தோப்பிலோ பயணத்திலோ, பயன்படுத்த ஒரு மடக்குக் கத்தியைத் தேர்வோர் மூன்றைப் பார்க்க வேண்டும்.

முதலாவது அளவு. எண் 8இன் அலகு 8.5 சென்டிமீட்டர், வளர்ந்தவர் கைக்கு அதுவே போதும். அதனினும் பெரியதை நாடுவோர் பெரும்பாலும் வேலைக்காக அன்றி வீம்புக்காக நாடுவோர். சிறுவர்க்கென்றே நுனி மழுங்க உருட்டிய எண் 7 கத்தியும் செய்யப்படுகிறது. குத்தும் முனை இல்லாத அதுவே முதற்கத்தியாவதற்கு உரியது.

இரண்டாவது எஃகு. இக்கத்தி இருவகை எஃகில் கிடைக்கும். நூற்றுக்கு ஏறத்தாழ 0.9 பங்கு கரிமம் கலந்த பழைய வகை எஃகு, சாணைக்கல்லில் சில இழுப்புகளிலேயே நற்கூர் ஏறும். ஆனால் ஈரம் பட்டால் துருவேறும். எலுமிச்சையோ மாங்காயோ அரிந்தால் கறுத்துப்போகும். மற்றொன்று குரோமியம் கலந்த எஃகு, நம்மவர் எவர்சில்வர் என்று சொல்லும் இனம். கூர் ஏற்றச் சற்றுக் கூடுதல் நேரம் பிடிக்கும். துரு எளிதில் அண்டாது. மலைக்காற்று வீசும் சவோய்க்கு முதல் வகை ஏற்றது. உப்புக்காற்று வீசும் காரைக்காலுக்கும் நாகூருக்கும் இரண்டாவதே பொருந்தும்.

மூன்றாவது பிடி. இதன் பிடி பெரும்பாலும் பீச் மரத்தாலானது. மழையில் நனைந்தால் மரம் ஊதி அலகை இறுகப் பற்றிக்கொள்ளும். அப்போது நகத்தால் இழுத்துப் போராடுவது ஆபத்து. பிடியின் அடிப்பாகத்தைக் கட்டையான ஒன்றின்மேல் தட்டினால் அலகு சற்றே வெளியே தலைநீட்டும்; பிறகு எளிதில் விரிக்கலாம். 'சவோயான் தட்டு' என்றே இம்முறைக்குப் பெயர் வழங்குகிறது.

கையாளும் ஒழுங்கு

கத்தியை விரித்தவுடன் முதல் வேலை வளையத்தைத் திருப்புவது. மடக்குமுன் முதல் வேலை வளையத்தை மீட்பது. அலகு வரும் பாதையில் மறுகையின் விரலோ தொடையோ இருத்தலாகாது. வெட்டு எப்போதும் உடலைவிட்டு விலகிச் செல்ல வேண்டும். அமர்ந்து அறுக்க வேண்டும், நடந்துகொண்டு அறுக்கலாகாது. கை நீட்டினால் எட்டும் வட்டத்துக்குள் வேறு எவரும் இருக்கலாகாது. டப்பா மூடியை நெம்புவதற்கும் திருகாணி முடுக்குவதற்கும் கத்தியைப் பயன்படுத்தினால் நுனி முறியும். முறிந்த துண்டு எங்கே தெறிக்கும் என்று எவராலும் சொல்ல முடியாது. வேலை முடிந்ததும் துடைத்து உலர்த்தி, ஆணிப்பகுதியில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு மடக்க வேண்டும். நீரில் ஊறவிடலாகாது.

மழுங்கிய கத்தியே பாதுகாப்பானது என்பது நம் வீடுகளில் நிலவும் தவறான எண்ணம். மழுங்கிய அலகுக்கு மிகுந்த அழுத்தம் வேண்டும். அழுத்தம் மிகுந்தால் அலகு வழுக்கும். வழுக்கிய அலகு கையைத் தேடி வரும். அறுப்புக்கு முன் கத்தியை நன்கு கூராக்கிக்கொள்ள நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஏவியது பிராணியின் வேதனையைக் குறைக்கும் கருணையால். அறுப்பவனின் கைக்கும் அதுவே காப்பு.

கை மாறும்போது கத்தி மூடியிருக்க வேண்டும். உறையற்ற வாளை ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்குவதும், பள்ளிவாசலிலோ கடைவீதியிலோ அம்பின் முனையைப் பொத்திக்கொள்ளாமல் நடப்பதும் ஹதீஸில் தடுக்கப்பட்டுள்ளன. ஒபினெல் கத்தி பிறப்பதற்குப் பன்னிரண்டு நூற்றாண்டுகட்கு முன்னரே வகுக்கப்பட்ட இவ்வொழுங்கு அதற்கும் எவ்வளவு பொருந்துகிறது!

வரலாற்றின் மறுபக்கம்

இத்துடன் நிறுத்திக்கொண்டால் நாம் பாதி உண்மையையே சொன்னவராவோம். பிரான்ஸில் தியேர் என்னும் ஊர் கத்தித் தொழிலுக்குப் பெயர் பெற்றது. அங்கே 1929இல் காஸ்பார் கொன்யே என்பார் 'தூக்-தூக்' என்னும் மடக்குக் கத்தியைச் செய்தார். தகட்டை மடித்துச் செய்த பிடி, மலிவான விலை. பசிபிக் தீவுகளின் சந்தைக்கெனப் பிறந்த அக்கத்தி அல்ஜீரியாவில் உழவர்களிடையேயும் இடையர்களிடையேயும் பெரிதும் பரவியது. அதே பட்டறை 'அல்-பரக்கா' என்னும் அறபுப் பெயரிலும் ஒரு கத்தியை வெளியிட்டது. ரொட்டி அறுக்கவும் கயிறு வெட்டவும் வாங்கிய கத்தி அது.

1954 நவம்பர் 1 அன்று அல்ஜீரிய விடுதலைப் போர் வெடித்தது. அதே நாளில்தான் நம் காரைக்காலும் புதுச்சேரியும் பிரெஞ்சு ஆட்சியினின்று இந்தியாவின் நிருவாகத்துக்கு மாறின. இங்கே கையொப்பத்தால் நிகழ்ந்த ஆட்சி மாற்றம், அங்கே ஏழரை ஆண்டுக்கால இரத்தத்தால் நிகழ்ந்தது. 1962 ஜூலையில் அல்ஜீரியா விடுதலை பெற்றது. 1962 ஆகஸ்டில் நம் பகுதியின் மாற்றம் சட்டப்படி நிறைவுற்றது. அப்போரில், இடையனின் பையில் கிடந்த தூக்-தூக் ஆயுதமாகவும் மாறியது. ஒரு பக்கம் துருக்கியரின் வாள் உழவனின் கருவியாக இறங்கி வந்ததைக் கண்டோம். மறுபக்கம் உழவனின் கருவி ஆயுதமாக ஏறிச் சென்றதையும் காண்கிறோம். எஃகு ஒன்றுதான். காலமும் கையும் வேறு.

ஆகவேதான் அரசுகளும் எச்சரிக்கையாக உள்ளன. தக்க காரணமின்றிப் பொதுவிடத்தில் கத்தி கொண்டு திரிவதைப் பிரெஞ்சுச் சட்டமே தடுக்கிறது. பிரிட்டனில் 1988ஆம் ஆண்டுச் சட்டம் 3 அங்குலத்துக்கு மேற்படாத அலகுடைய மடக்குக் கத்திக்கு விலக்களித்தது. ஆனால் அலகைப் பூட்டும் அமைப்புள்ள கத்திக்கு அவ்விலக்குப் பொருந்தாது என நீதிமன்றம் விளக்கம் தந்தது. விரலைக் காப்பதற்காக மார்செல் பொருத்திய வளையமே அந்நாட்டில் ஐயத்துக்குரியதாயிற்று. வானூர்தியில் கைப்பையில் கத்திக்கு இடமில்லை என்பதை எவரும் அறிவர்.

நாம் சொன்ன விடை

வாரம் கழிந்தது. தாயும் மகனும் வந்தனர். நாம் மூவருமாக அரசலாற்றங்கரைக்குச் சென்றோம். கரையோரம் முற்றிய நாணல் தட்டை ஒன்றைக் கத்தியால் அறுத்து எடுத்தோம். அமரச் செய்து, வளையத்தைத் திருப்பச் செய்து, பையனின் கையில் கத்தியைக் கொடுத்தோம். நாம் ஓதிய காலத்தில் உஸ்தாத் ஒருவர் கலம் சீவிக் காட்டியது நினைவுக்கு வந்தது. முதலில் சாய்வாக ஒரு வெட்டு. பின் இருபக்கத்தையும் ஒடுக்குதல். பின் முனையின் நடுவே மெல்லிய பிளவு. இறுதியில் முனையைக் குறுக்கே ஒரு தறிப்பு. நான்கு தட்டைகள் வீணாயின. ஐந்தாவது கலமாயிற்று. அவ்வளவு நேரமும் அவன் கண் கத்தியை விட்டு அகலவில்லை. தாயின் கண்ணோ மகனின் விரலை விட்டு அகலவில்லை.

பிறகு அவரிடம் சொன்னோம்: "கத்தியைப் பறிக்க வேண்டாம் அம்மா, முழுவதுமாகக் கொடுத்துவிடவும் வேண்டாம். உங்கள் பொறுப்பில் இருக்கட்டும். வேலை இருக்கும்போது கேட்டு வாங்கட்டும். வேலை முடிந்ததும் துடைத்து, மடக்கி, பூட்டி, உங்கள் கையில் தரட்டும். பள்ளிக்கூடத்துக்கும் கடைவீதிக்கும் விளையாட்டுத் திடலுக்கும் அது போகக் கூடாது. சினத்தில் இருக்கும்போது அதைத் தொடவே கூடாது. இந்த ஒழுங்கில் ஒன்று தவறினாலும் அடுத்த ஓராண்டுக்குக் கத்தி உங்களுடையது."

"எத்தனை நாளைக்கு ஹஜ்ரத் இப்படி?" என்று கேட்டான் பையன்.

"நீ வந்து கேட்கும்போது உம்மாவின் முகத்தில் அச்சம் தெரியாத நாள் வரும்வரை" என்றோம்.

அவர் சிரித்தார். கத்தியை மடக்கி, வளையத்தைத் திருப்பிப் பூட்டி, மகன் அவரிடம் நீட்டினான். அவர் அதனைக் கைக்குட்டையில் சுற்றவில்லை. வெறுங்கையிலேயே பற்றிக்கொண்டு வீட்டுக்குப் புறப்பட்டார். நாணற்கலத்தைப் பையன் நம்மிடம் கொடுத்துவிட்டுப் போனான். இக்கட்டுரையின் தலைப்பை அதனால்தான் எழுதினோம்.